கேஸ் மாத்திரை கேட்டு வருகிறவர்களின் கேள்விகள்: பதற்றம் பற்றி

வேலூரை ஒட்டிய காட்பாடியில் மருந்துக்கடை வைத்து இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. "நெஞ்சு ஒரு மாதிரியா இருக்கு, நல்ல கேஸ் மாத்திரையா ஒண்ணு கொடுங்க" என்று வாரம் தவறாமல் யாராவது வந்து நிற்பார்கள். முகம் வெளுத்திருக்கும், சட்டை வியர்வையில் ஒட்டியிருக்கும், ஒரு கை நெஞ்சை விட்டு இறங்காது. அவர்களில் பலருக்கு இருப்பது கேஸ் இல்லை, பதற்றம். 2011-ல் நானே என் கடை கேஸ் மாத்திரையை மூன்று மாதம் விழுங்கியவன் என்பதால் அந்த முகம் எனக்கு நன்றாகத் தெரியும்.

நான் டாக்டர் இல்லை, டி.பார்ம் என்ற மருந்தாளுநர் படிப்பு படித்தவன். திரும்பத் திரும்ப வந்த கேள்விகளை, கேட்டவர்கள் கேட்ட மாதிரியே இங்கே எழுதியிருக்கிறேன். பதில்கள் எனக்கு வைத்தியம் பார்த்த மனநல மருத்துவர் சொன்னதும், நான் படித்துத் தெரிந்துகொண்டதும். இதைப் படித்துவிட்டு யாரும் மாத்திரையைக் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம்.

நெஞ்சு படபடன்னு அடிச்சிக்குது, மூச்சு முட்டுது. கேஸா, ஹார்ட்டா, இன்னாண்ணா இது?

முதலில் இதயத்தைப் பார்த்துவிட வேண்டும். கவுன்டரில் நின்றபடி யாராலும் அதைச் சொல்ல முடியாது. நெஞ்சின் நடுவில் பாறாங்கல் வைத்தது போல அழுத்தம், இடது கை, தாடை, முதுகு என்று பரவும் வலி, மாடி ஏறினால் கூடி உட்கார்ந்தால் குறைவது, சில்லென்ற வியர்வை, மயக்கம், இதில் எது இருந்தாலும் 108-ஐக் கூப்பிடுங்கள். சர்க்கரை, பிபி, சிகரெட் பழக்கம் உள்ளவர்களும் நாற்பதைத் தாண்டியவர்களும் முதல் தடவை இப்படி வந்தால் ஈசிஜி எடுத்தே ஆகவேண்டும். சர்க்கரை உள்ளவர்களுக்கு வலியே தெளிவாகத் தெரியாமலும் மாரடைப்பு வரும்.

இதயம் நன்றாக இருக்கிறது என்று தெரிந்த பிறகும் இது வந்துகொண்டிருந்தால், அப்போது பதற்றத்தைப் பற்றிப் பேசலாம். ராத்திரி கடையை மூடிவிட்டு வரும்போது தெருநாய் துரத்தினால் உடம்பு என்ன செய்யும்? அட்ரினலின் சுரக்கும். ஓடுவதற்கு ரத்தம் வேண்டும், இதயம் வேகமாக அடிக்கும். காற்று வேண்டும், மூச்சு வேகமாகும். அந்த நேரத்தில் ஜீரணமா முக்கியம்? வயிற்றுக்குப் போகும் ரத்தம் குறையும். வயிற்றில் புளியைக் கரைக்கிறது என்று நாம் சொல்வது இதைத்தான். பதற்றத்திலும் நடப்பது இதேதான், நாய் மட்டும் இருக்காது.

கேஸ் என்று ஏன் தோன்றுகிறது என்றால், வேகமாக மூச்சு வாங்கும்போது காற்றையும் சேர்த்து விழுங்குகிறோம். அது ஏப்பமாக வெளியே வரும். ஏப்பம் விட்டதும் கொஞ்சம் லேசாகும். "பாரு, கேஸ்தான்" என்று வீட்டில் தீர்ப்பு சொல்லிவிடுவார்கள். பான்டாப்ரசோல் என்கிற கேஸ் மாத்திரை அட்டை அட்டையாகப் போகும்.

நாய் துரத்தினா சரி. நான் சும்மா டிவி பார்த்துகினு இருந்தேன், அப்போ ஏன் வந்தது?

காரணமே தெரியாமல் திடீரென்று உச்சத்துக்குப் போகும் இதற்கு பேனிக் அட்டாக் என்று பெயர். செத்துவிடுவோம், பைத்தியம் பிடித்துவிடும், மயங்கி விழுந்துவிடுவோம் என்ற மூன்றில் ஒரு நினைப்பாவது பெரும்பாலும் கூடவே வரும். தூக்கத்திலிருந்து எழுப்பிவிடுவதும் உண்டு.

மூளைக்குள் பாதாம் பருப்பு அளவில் அமிக்டலா என்று ஒரு பகுதி இருக்கிறது. ஆபத்தைக் கண்டதும் மணி அடிப்பது அதன் வேலை. மதியம் சாப்பிடவில்லை, ராத்திரி தூக்கமில்லை, நான்காவது டீ உள்ளே போயிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இதயம் ஒரு துடிப்பைச் சற்று ஓங்கி அடிக்கிறது. மனசு அதைக் கவனித்துவிடுகிறது. "ஐயோ, என்னமோ ஆகுது" என்றதும் மணி அடிக்கிறது, அட்ரினலின் வருகிறது, இதயம் இன்னும் வேகமாகிறது, பயம் இன்னும் கூடுகிறது. சுற்றிச் சுற்றி அதையே அது தின்று வளர்கிறது. ஆனால் பெரும்பாலும் பத்து நிமிடத்துக்குள் உச்சிக்குப் போய் இறங்க ஆரம்பித்துவிடும். அந்த வேகத்தை உடம்பால் நெடுநேரம் தாங்கிப் பிடிக்க முடியாது. இந்தப் பத்து நிமிடக் கணக்கு பின்னால் தேவைப்படும், ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

வேலூர்க்காரர்களுக்கு ஒரு வார்த்தை. கத்திரி வெயிலில் உடம்பில் தண்ணீர் வற்றினாலும் இதயம் படபடக்கும், தலை சுற்றும், வியர்க்கும். மே மாதத்தில் மதியம் கடைக்கு வந்து படபடப்பு என்பவரிடம் முதலில் தண்ணீர் குடித்தீர்களா என்றுதான் கேட்பேன். உப்பு போட்ட மோரில் சரியாகிப் போனவர்கள் உண்டு.

விரலு, உதடெல்லாம் மரத்துப் போவுது. பக்கவாதம் வரப் போவுதா?

தேவைக்கு மேல் வேகமாக மூச்சு விட்டால் ரத்தத்தில் கரியமில வாயு குறைந்துவிடும். அதனால்தான் இரண்டு கை விரல்களிலும் வாயைச் சுற்றியும் எறும்பு ஊர்வது போல வரும், தலை கிறுகிறுக்கும், விரல் விறைத்துக்கொள்வதும் உண்டு. வேடிக்கை என்னவென்றால் காற்று அதிகமாக உள்ளே போய்க்கொண்டிருக்கும்போதுதான் காற்றே போதவில்லை என்று தோன்றும். மூச்சு நிதானமானால் தானாகச் சரியாகும்.

பக்கவாதம் வேறு. முகம் ஒரு பக்கம் கோணும், ஒரு பக்கக் கை தூக்க வராது, பேச்சு குழறும். அப்படியென்றால் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்காமல் ஆஸ்பத்திரி. அப்புறம், சினிமாவில் காட்டுவது போலக் காகிதப் பையில் மூச்சு விடவேண்டாம். ஆஸ்துமாவோ இதயக் கோளாறோ இருந்தால் அது ஆபத்து.

டென்ஷன் யாருக்கு சார் இல்ல? இதப் போயி நோவுன்னு சொன்னா எப்படி?

நியாயமான கேள்வி. லோன் தவணை, மகள் பிரசவம், ஆர்டர் குறைந்து கம்பெனியில் ஆள் குறைக்கப் போகிறார்கள் என்ற பேச்சு, இதற்கெல்லாம் கவலைப்படாவிட்டால்தான் அதிசயம். காரணம் தீர்ந்ததும் கவலை தீர்ந்தால் அது நோய் இல்லை.

ஒரு கவலை தீர்ந்த இடத்தில் அடுத்த கவலை வந்து உட்கார்ந்துகொண்டே இருக்கிறது, தூக்கம் கெடுகிறது, தோள் கழுத்தெல்லாம் இறுகிக் கிடக்கிறது, சின்ன விஷயத்துக்கு எரிந்து விழுகிறீர்கள், பெரும்பாலான நாட்கள் இப்படியே ஆறு மாதம் போய்விட்டது என்றால் அதைப் பொதுப் பதற்றக் கோளாறு என்பார்கள். அளவுகோல் எளிது: அது உங்கள் வேலையை, சாப்பாட்டை, போக்குவரத்தைத் தடுக்கிறதா? ஆம்பூர்ப் பக்கம் ஷூ கம்பெனிக்குப் போகும் ஒரு அக்கா, காலையில் கம்பெனி வேன் ஹாரன் கேட்டாலே வயிறு கலக்கி இரண்டு தடவை பாத்ரூம் போவதாகச் சொன்னார். மூன்று மாதத்தில் பாதிச் சம்பளம் லீவில் போயிருந்தது. அதை டென்ஷன் என்று சொல்லி விட்டுவிட முடியாது.

எல்லா டெஸ்ட்டும் எடுத்தாச்சு. நார்மல்னு அனுப்பிட்டாங்க. அப்போ நான் நடிக்கிறேனா?

இல்லை. அட்ரினலின் நிஜம், படபடப்பு நிஜம், வலியும் நிஜம். ரிப்போர்ட்டில் தெரியாததற்குக் காரணம் உறுப்பில் பழுது இல்லை என்பதுதான். "உனக்கு ஒண்ணுமில்ல, போ" என்று சொல்லி அனுப்புகிறவர்கள் மேல் எனக்குக் கோபம் உண்டு. எனக்கும் ஒரு இடத்தில் அப்படித்தான் சொன்னார்கள். ஒன்றுமில்லை என்றால் ராத்திரி இரண்டு மணிக்கு ஆட்டோ பிடித்து நான் ஏன் வந்தேன்?

பார்க்கவேண்டிய சோதனைகள் சில இருக்கின்றன. தைராய்டு அதிகமாகச் சுரந்தால் அச்சு அசலாக இதே போலப் படபடக்கும், ரத்தசோகையிலும் அப்படியே. சர்க்கரை மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்களுக்குச் சர்க்கரை இறங்கினாலும் நடுக்கமும் வியர்வையும் வரும். ஆஸ்துமா இன்ஹேலர், சில சளி மாத்திரைகளுக்கும் படபடப்பு பக்கவிளைவு. என்னென்ன சாப்பிடுகிறீர்கள் என்று டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

ஒருமுறை முழுதாகப் பார்த்துவிட்டால் அதோடு நிறுத்திக்கொள்வது முக்கியம். நான் நான்கு மாதத்தில் மூன்று ஈசிஜி எடுத்தேன். ஒவ்வொரு ரிப்போர்ட்டும் இரண்டு நாள் நிம்மதி தந்தது, மூன்றாம் நாள் "மெஷின் சரியா வேலை செஞ்சிருக்குமா" என்ற சந்தேகம் வந்தது. நாடியைத் தொட்டுத் தொட்டுப் பார்ப்பது, போனில் நோய்களைத் தேடுவது, வீட்டம்மாவிடம் "எனக்கு ஒண்ணும் ஆவாதில்ல?" என்று பத்து தடவை கேட்பது எல்லாமே இந்தக் கணக்குதான். அந்த நிம்மதி, வட்டிக்கு வாங்கின பணம் மாதிரி.

சரி, அது வரும்போது அந்த நிமிஷம் இன்னா பண்றது?

இருந்த இடத்திலேயே இருங்கள். இதுதான் கஷ்டம், இதுதான் முக்கியமும். "இது பேனிக், போன தடவையும் வந்தது, போனது" என்று வாய்விட்டோ மனசுக்குள்ளோ சொல்லுங்கள். மூக்கால் நான்கு எண்ணும்வரை உள்ளே, ஆறு எண்ணும்வரை மெதுவாக வெளியே. ஆழமாக இழுக்கவேண்டியதில்லை, வெளியே விடுவது நீளமாக இருந்தால் போதும். தோளைத் தளர்த்துங்கள். செய்துகொண்டிருந்த வேலையை, பில் எழுதுவதோ கீரை ஆய்வதோ, மெதுவாகத் தொடருங்கள்.

மேலே சொன்ன பத்து நிமிடக் கணக்கு இங்கேதான் வேண்டும். அதை அடக்கப் பார்க்காதீர்கள். அடக்க அடக்க, மூளைக்கு அது பெரிய ஆபத்து என்ற செய்திதான் போகும். வந்துவிட்டுப் போகட்டும் என்று வேண்டாத விருந்தாளி மாதிரி திண்ணையில் உட்காரவிடுங்கள்.

டீ, காபி விடணுமா?

முழுதாக விடவேண்டியதில்லை. ஐந்து கிளாஸ் குடிப்பவர் இரண்டாக, அதையும் மதியத்துக்குள் முடித்துக்கொண்டு இரண்டு வாரம் பாருங்கள். ஒரே நாளில் நிறுத்தினால் தலைவலி வரும். எனர்ஜி டிரிங்க் என்று டப்பாவில் விற்பதிலும் இதே காஃபின்தான், காலேஜ் பசங்க கவனிக்க.

ரெண்டு ரவுண்டு போட்டா எல்லாம் சரியாப் போவுது. மாத்திரைக்கு இது பரவாயில்லையே?

ராத்திரி சரியாகிறது, உண்மை. விடியற்காலை நான்கு மணிக்கு நெஞ்சு அடித்துக்கொண்டு விழிப்பு வருகிறதா? சாராயம் அடக்கி வைத்த நரம்பு, போதை இறங்கும்போது இரண்டு மடங்காகத் துள்ளுகிறது. அதை அடக்க மறுபடி ரவுண்டு. தினம் குடிப்பவர்கள் வீம்புக்கு ஒரே நாளில் நிறுத்தினாலும் ஆபத்து, வலிப்புவரை போகும். டாக்டர் பார்வையில் நிறுத்துங்கள். பதற்ற மாத்திரையையும் குடியையும் சேர்த்துப் போடுவது எல்லாவற்றையும் விட மோசம், மூச்சே நின்றுவிடலாம்.

பஸ்ல ஏறினா வருது, அதனால ஏறுறதில்ல. நிம்மதியா இருக்கேன். இதுல இன்னா தப்பு?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

2011-ல் காட்பாடியிலிருந்து வேலூருக்கு டவுன் பஸ்ஸில் போகும்போது பாலாற்றுப் பாலத்தின் நடுவில் டிராஃபிக்கில் நின்றுவிட்டது. கீழே பார்த்தால் தண்ணீர் இல்லாத ஆறு, முன்னால் லாரி, உள்ளே கூட்டம். எனக்கு வந்துவிட்டது. கண்டக்டரைத் திட்டி, கதவைத் திறக்கச் சொல்லி, பாலத்திலேயே இறங்கிவிட்டேன். இறங்கின கணத்தில் அப்படியொரு நிம்மதி! மூளை என்ன கற்றுக்கொண்டது தெரியுமா? "பாலம் ஆபத்து. இறங்கினதால் பிழைத்தாய்." மறுநாளிலிருந்து பஸ் இல்லை, பைக். பைக்கிலும் பாலம் வரும்போது வியர்த்தது. பிறகு சரக்கு எடுக்கப் பையனை அனுப்பினேன். ஆறு மாதத்தில், பாலத்துக்கு இந்தப் பக்கம் இருக்கிற விருதம்பட்டைத் தாண்ட முடியாத ஆளாகிவிட்டேன். பாலத்துக்கு அந்தப் பக்கம் என் அக்கா வீடு. அவர் பேரனுக்குக் காதுகுத்தலுக்குப் போகவில்லை, இன்றுவரை அந்தப் பேச்சு இருக்கிறது.

ஓட ஓடத் துரத்தும் என்பது நாய்க்கு மட்டும் இல்லை. தப்பித்து ஓடியதால், அங்கேயே நின்றிருந்தாலும் ஒன்றும் ஆகியிருக்காது என்பதைப் பார்க்கும் வாய்ப்பை இழந்துவிடுகிறோம். சரிசெய்யும் வழியும் இதற்குள்ளேயே இருக்கிறது. பயத்தைப் படிப்படியாக நேரில் பார்ப்பது. எனக்கு மருத்துவர் எழுதிக்கொடுத்தது இப்படி: முதல் வாரம் காட்பாடி ஸ்டேஷனில் ஏறி, காட்பாடிக்குள்ளேயே இருக்கிற சித்தூர் பஸ் ஸ்டாண்டில் இறங்குவது. அது சலிக்கிறவரை, ஆமாம், பயம் போய்ச் சலிப்பு வருகிறவரை. அப்புறம் விருதம்பட்டு வரை. பிறகு மனைவியோடு பாலம் தாண்டிப் புது பஸ் ஸ்டாண்டு. பிறகு தனியாக. கடைசியில் சாயங்காலக் கூட்டத்தில், நின்றுகொண்டு. ஒவ்வொரு படியிலும் படபடப்பு குறையத் தொடங்கும்வரை பஸ்ஸை விட்டு இறங்கக்கூடாது என்பது ஒரே விதி. இரண்டரை மாதம் ஆனது.

தண்ணீர் பாட்டில், பாக்கெட்டில் மாத்திரை, ஜன்னலோர சீட் என்று ஊன்றுகோல்கள் இருக்கும். ஆரம்பத்தில் பரவாயில்லை. பிறகு ஒவ்வொன்றாக விடுங்கள், இல்லாவிட்டால் "பாட்டில் இருந்ததால் பிழைத்தேன்" என்று மூளை மாற்றிப் படித்துவிடும்.

பக்கத்து வீட்டம்மா ஒரு சின்ன மாத்திரை கொடுத்தாங்க, அரைமணியில அடங்கிடுச்சு. அதையே ஒரு அட்டை கொடுங்க.

அது அல்பிரசோலமாக இருக்கும். சீட்டு இல்லாமல் தரமாட்டேன், என் மேல் கோபப்பட்டுப் பிரயோஜனம் இல்லை. அது ஹெச்1 பட்டியல் மருந்து. அட்டையில் சிவப்புக் கட்டத்துக்குள் எச்சரிக்கை அச்சடித்திருக்கும். யார் எழுதினார், யாருக்குக் கொடுத்தேன், எத்தனை மாத்திரை என்று தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று வருடம் வைத்திருக்க வேண்டும்.

சட்டம் இருக்கட்டும். இந்த வகை மாத்திரை சீக்கிரம் கேட்கும், சில வாரங்களுக்கு டாக்டர் கணக்காகக் கொடுத்தால் உதவும். மாதக்கணக்கில் போனால் உடம்பு பழகி, அரை ஒன்றாகும், ஒன்று இரண்டாகும். திடீரென்று நிறுத்தினால் பழைய பதற்றம் இரண்டு மடங்காகத் திரும்பும், வலிப்பும் வரலாம். இப்போது தினமும் எடுப்பவராக இருந்தால் நீங்களாக நிறுத்தாதீர்கள். டாக்டர் மெல்ல மெல்லக் குறைத்து நிறுத்துவார். வயதானவர்களுக்கு இதனால் தடுமாறி விழுந்து இடுப்பெலும்பு முறிந்ததும் உண்டு.

டாக்டர் வேற மாத்திரை எழுதினாரு. சாப்பிட்ட மூணாம் நாளே அதிகமாயிடுச்சு, நிறுத்திட்டேன்.

செர்ட்ராலின், எஸ்சிட்டலோபிராம் போன்றவையாக இருக்கும். பதற்றத்துக்கு முதலில் எழுதுவது பெரும்பாலும் இவற்றைத்தான். மேலே சொன்ன அரைமணி மாத்திரை வகை இல்லை, பழக்கமாகி அளவு ஏறிக்கொண்டே போகாது. இது வேலை செய்ய இரண்டிலிருந்து ஆறு வாரம் ஆகும். முதல் ஒன்றிரண்டு வாரம் குமட்டல், தலைவலி, தூக்கக் குறைவு, சிலருக்குப் பதற்றமே சற்றுக் கூடுவது எல்லாம் எதிர்பார்த்ததுதான். டாக்டர் முன்கூட்டியே சொல்லியிருந்தால் பாதிப் பேர் நிறுத்தமாட்டார்கள். மதியக் கூட்டத்தில் அதற்கு நேரம் இருப்பதில்லை. தாங்க முடியாவிட்டால் போன் செய்து கேளுங்கள், குறைந்த அளவில் தொடங்கலாம். சாகவேண்டும் என்ற நினைப்போ கட்டுக்கடங்காத பரபரப்போ வந்தால் அன்றே போய்ப் பாருங்கள்.

இன்னொரு பக்கம், இரண்டு மாதத்தில் "நல்லாயிட்டேன்" என்று நிறுத்திவிடுகிறவர்கள். நன்றான பிறகும் பல மாதம் தொடரச் சொல்வார்கள், பிறகு படிப்படியாகக் குறைப்பார்கள். சட்டென்று நிறுத்தினால் சிலருக்குத் தலைக்குள் ஷாக் அடித்தது போல வரும்.

மாத்திரையே வேணாம். பேசிப் பேசியே சரி பண்ண முடியாதா?

பலருக்கு முடியும். சிபிடி என்ற முறை இருக்கிறது, நினைப்பையும் நடத்தையையும் மாற்றுகிற பேச்சுச் சிகிச்சை. வெறும் ஆறுதல் பேச்சு இல்லை. நினைப்பைப் பிடித்து விசாரிப்பது, பாலத்துக்குச் சொன்ன மாதிரிப் படி போட்டு ஏறுவது, வாராவாரம் வீட்டுப்பாடம். உளவியலாளர் மருந்து எழுதமாட்டார், மனநல மருத்துவர் எழுதுவார். கடுமையாக இருந்தால் இரண்டும் சேர்ந்து நன்றாக வேலை செய்யும். எனக்கு இரண்டும் தேவைப்பட்டது, அதில் கௌரவக் குறைச்சல் ஒன்றும் தெரியவில்லை.

எங்க போறது? பாகாயம்னு சொன்னாலே ஊர்ல ஒரு மாதிரி பாக்குறாங்களே?

"பாகாயத்துக்கு அனுப்பணும்" என்று நம் ஊரில் கிண்டல் செய்வதுண்டு. வேலூரில் இருக்கிற பாகாயத்தில் இருப்பது சிஎம்சி என்ற கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் மனநல மையம். 1950-களில் தொடங்கியது. நோயாளியைத் தனியே அடைத்து வைக்காமல் குடும்பத்தில் ஒருவரைக் கூடவே தங்கவைத்துச் சிகிச்சை தருவதற்குப் பெயர் பெற்ற இடம். வெளிமாநிலத்துக்காரர்கள் ரயிலேறி வருகிறார்கள், காட்பாடியில் இருக்கிற நாம் சந்து வழியாகப் போகிறோம்.

பணம் முடியாதென்றால் அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. 2019-ல் வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்த பிறகு, ராணிப்பேட்டை, திருப்பத்தூர்க்காரர்கள் அவரவர் மாவட்ட அரசு மருத்துவமனையிலும் மாவட்ட மனநலத் திட்டம் பற்றி விசாரிக்கலாம். எங்கேயும் போகத் தயக்கமென்றால் 14416, டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண். கட்டணம் கிடையாது, 24 மணி நேரமும், தமிழில் பேசலாம். உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் வந்தால் உடனே இந்த எண்ணுக்கு அடியுங்கள், அல்லது யாரையாவது கூட்டிக்கொண்டு பக்கத்து அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

தர்காவுல ஓதி ஊதினாங்க, கோயில்ல விபூதி போட்டாங்க. மாத்திரையும் சாப்பிடலாமா?

தாராளமாக. என் அம்மா எனக்கு மந்திரித்துக் கயிறு கட்டினார், நான் கழற்றவில்லை. அந்த இடத்தில் கிடைக்கும் அமைதியை நான் குறை சொல்லமாட்டேன். மிளகாய்ப் புகை போடுவது, அடிப்பது, கட்டிப்போடுவது, மாத்திரையை நிறுத்தச் சொல்வது, இதில் ஒன்று நடந்தாலும் அங்கிருந்து கிளம்பிவிடுங்கள்.

பொண்ணுக்கு மாப்ள பாத்துகினு இருக்கோம். மாத்திரை விஷயம் வெளிய தெரிஞ்சா?

2017-ஆம் ஆண்டு மனநலச் சட்டப்படி சிகிச்சை விவரம் ரகசியம். சட்டம் சொல்லும் சில விலக்குகள் தவிர, ஆஸ்பத்திரியிலிருந்து யாரும் உறவுக்காரர்களுக்குச் சொல்ல முடியாது. எங்கள் கடையிலும் அப்படித்தான், பழுப்புக் கவரில் போட்டுத் தருவேன். சொல்வதா வேண்டாமா என்பதை அந்தப் பெண்தான் தீர்மானிக்க வேண்டும், அப்பா அம்மா இல்லை. என் அபிப்பிராயம்: நிச்சயத்துக்கு முன் பையனிடம் அவளே நேராகச் சொல்லிவிடுவது நல்லது. கல்யாணத்துக்குப் பிறகு மாத்திரையை ஒளித்து வைத்துச் சாப்பிடுவதே தனிப் பதற்றம். "கல்யாணம் ஆனா சரியாயிடும்" என்று சொல்லி மாத்திரையை நிறுத்துவதுதான் பெரிய தப்பு. குழந்தைக்குத் திட்டமிடும்போது தானாக நிறுத்தாமல் டாக்டரிடம் முன்கூட்டியே கேளுங்கள்.

பையன் ப்ளஸ் டூ. பரீட்சை அன்னிக்குக் காலையில வாந்தி எடுக்கிறான். லீவு போடச் சொல்லட்டுமா?

பஸ் கேள்விக்குச் சொன்ன பதிலே இதற்கும். ஒரு பரீட்சைக்கு லீவு போட்டால் அடுத்தது இன்னும் பெரிதாகும். இட்லி இறங்காவிட்டால் வாழைப்பழம், மோர் கொடுத்து அனுப்புங்கள். ராத்திரி இரண்டு மணிவரை படிக்கவிடாதீர்கள். முந்தின வாரமே வீட்டில் கடிகாரம் வைத்து மூன்று மணி நேரம் எழுதிப் பார்க்கச் சொல்லுங்கள். காலை வேளையில் "பக்கத்து வீட்டுப் பையன் நீட்ல..." என்று ஆரம்பிக்கிற சித்தப்பாவை வாசலோடு அனுப்பிவிடுங்கள். ஒரு மாதமாகச் சாப்பாடும் தூக்கமும் கெட்டு, பேச்சும் குறைந்திருந்தால் பரீட்சை முடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

வீட்டுக்காரருக்கு இருக்கு. "பயப்படாதீங்க"ன்னா கோவப்படுறாரு. எல்லாத்துக்கும் நானே கூடப் போறேன். சரிதானே?

பயப்படாதே என்று சொல்லிப் பயம் போனதாக நான் பார்த்ததில்லை. "கஷ்டமா இருக்குதுல்ல, நான் இங்கதான் இருக்கேன், இறங்கிடும்" என்பது போதும். கூடப் போவது ஆரம்பத்தில் உதவி. பாங்க், கல்யாண வீடு, ரேஷன் என்று எல்லாவற்றையும் நீங்களே செய்துகொடுத்தால் அவருடைய பயத்துக்கு நீங்கள் சோறு போடுகிறீர்கள். "எனக்கு ஒண்ணும் ஆவாதில்ல" என்று கேட்டால் ஒரு தடவை பதில் சொல்லுங்கள், இரண்டாவது தடவை "அதான் சொன்னேனே, வாங்க காய் நறுக்கலாம்" என்று பேச்சை மாற்றுங்கள். திடீரென்று கைவிடாமல், அவரோடு பேசி ஒவ்வொன்றாகக் குறையுங்கள். இதையெல்லாம் கேட்டுவிட்டுப் போகிற அக்காக்களிடம் நீங்கள் தூங்குகிறீர்களா என்று கேட்டால் பெரும்பாலும் பதில் வராது.

முழுசாப் போயிடுமா? திரும்ப வராதுன்னு கேரண்டி உண்டா?

கேரண்டி கிடையாது. பெரும்பாலானவர்களுக்கு நன்றாகக் குறைந்து, வேலை, வீடு, பயணம் எல்லாம் பழையபடி ஆகும். தூக்கம் கெட்ட வாரத்தில், வீட்டில் சாவு விழுந்த சமயத்தில் மறுபடி தலைகாட்டலாம். ஒரு தடவை வந்ததால் நோய் திரும்பிவிட்டது என்று அர்த்தமில்லை. எதையாவது தவிர்க்க ஆரம்பித்திருக்கிறேனா என்று மட்டும் பாருங்கள். ஆரம்பித்திருந்தால் அந்த வாரமே டாக்டரைப் பார்ப்பது நல்லது.

போன மாதம் சரக்கு எடுக்கப் போகும்போது அதே பாலத்தில் பஸ் நின்றது. எனக்கு உள்ளங்கை வியர்த்தது, இரண்டு தடவை ஏப்பம் வந்தது. பக்கத்து சீட்டுப் பெரியவர் "கேஸா தம்பி?" என்று கேட்டுப் பையிலிருந்து பெருங்காய மிட்டாய் எடுத்துக் கொடுத்தார். வாங்கி வாயில் போட்டுக்கொண்டேன். புது பஸ் ஸ்டாண்டில் இறங்கின பிறகுதான் கண்டக்டரிடம் ஐந்து ரூபாய் சில்லறை வாங்காமல் விட்டது ஞாபகம் வந்தது.